எந்த வாக்கியத்தில்?

“மூல பாஷையில பார்த்தீங்கன்னா…” என்று மேடையில் ஒருவர் தொடங்கினால் கூட்டம் நிமிர்ந்து உட்கார்கிறது. கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்தை மடியில் மூடி வைத்துவிட்டு நோட்டை எடுக்கிறார்கள். போடிநாயக்கனூரின் கன்வென்ஷன் கூட்டங்களிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் கைப்பேசியில் சுற்றும் பிரசங்கங்களிலும் இது வழக்கமாகிவிட்டது. வசனத்திலிருந்து ஒரு சொல்லை உருவி எடுப்பார்கள். எண் போட்ட அகராதியில் அதற்கு எபிரெயத்தில் என்ன என்று பார்ப்பார்கள். அங்கே வரிசையாக நிற்கும் ஏழெட்டு அர்த்தங்களையும் அந்த ஒரே வசனத்தின் தலையில் கொட்டுவார்கள். இதுதான் ஆழமான வேத ஆராய்ச்சி என்று படித்தவர்களும் நம்புகிறார்கள்.

இது ஆராய்ச்சி இல்லை என்பதே என் கட்சி. எபிரெயம் நமக்கு வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவன் நான். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் 121ஆம் சங்கீதத்துக்குத் தனி இடம் உண்டு. மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுப்பதாகத் தொடங்கும் சங்கீதம் அது. இங்கே எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் மேற்கே மலைதான். புத்தாண்டு ஆராதனை முடிந்து கையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் அந்த முதல் வசனம் வந்துவிட்டால், ஏலக்காய் வியாபாரிக்கும் ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே சந்தோஷம். அந்த வசனத்தை வைத்து ஒரு கூட்டத்தில் செய்தி கொடுத்தவர், தமிழில் ‘ஒத்தாசை’ என்று இருப்பது மிகவும் பலவீனமான சொல் என்றார். எபிரெயத்தில் அது ‘ஏசெர்’. அதில் மூன்று எழுத்துகள். முதல் எழுத்து கண்ணின் படம், இரண்டாவது ஆயுதத்தின் படம், மூன்றாவது தலையின் படம். ஆகவே, தலைவராகிய தேவன் ஆயுதத்தோடு உன்னைக் கண்ணோக்கிக்கொண்டிருக்கிறார் என்பதே மறைந்திருக்கும் அர்த்தம் என்றார். கூட்டத்தில் பலத்த அல்லேலூயா. என் பக்கத்தில் இருந்த ஓர் அக்கா நோட்டில் கண், ஆயுதம், தலை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்கள்.

எழுத்துகளின் வடிவம் ஆதியில் படங்களிலிருந்து பிறந்தது உண்மைதான். ஆங்கிலத்தின் முதல் எழுத்தே மாட்டுத் தலையின் படத்திலிருந்து வந்தது. அதற்காக அந்த எழுத்து வரும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லிலும் மாடு மேய்வதாக யாரும் சொல்வதில்லை. சங்கீதக்காரன் எழுதிய காலத்தில் அந்த எழுத்துகள் ஒலிக்குறிகள் மட்டுமே. ‘கடவுள்’ என்ற சொல்லைக் ‘கட, உள்’ என்று பிரித்து நாம் பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்குகிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது, சிந்தனையும் உயர்ந்ததுதான். ஆனால் வீட்டில் ஒரு தாய் “கடவுளே” என்று நெஞ்சில் கைவைக்கும்போது அவள் மனதில் அந்தப் பிரிப்பு இல்லை. அவள் சொன்னதன் பொருள் அவள் சொன்ன இடத்தில் இருக்கிறது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் எபிரெய எழுத்தைப் படிப்பதில்லை. ஆங்கில எழுத்திலோ தமிழ் எழுத்திலோ பெயர்த்ததைத்தான் படிக்கிறார்கள். எபிரெயத்தில் அலெஃப் என்றும் அயின் என்றும் இரண்டு எழுத்துகள் உண்டு. தொண்டையில் வெவ்வேறு இடத்தில் பிறப்பவை. தமிழ் எழுத்துக்கு மாற்றினால் இரண்டும் ‘அ’ ஆகிவிடும். நம் மலையையும் மழையையும் வேறு எழுத்தில் எழுதி, லகரத்துக்கும் ழகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை, ஆகவே மலை என்பதன் மூல அர்த்தம் பொழிவது என்று விளக்கம் எழுதுவார். போடிக்காரர்களுக்கு அது கவிதையாகக்கூடத் தோன்றும், மலை இருந்தால்தானே மழை. ஆனாலும் அது தவறு.

சொல் எப்படிப் பொருள் தருகிறது என்பதைப் போடியில் இருந்துகொண்டு அறியாமல் இருக்க முடியாது. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகிறவர்கள். “அம்மா எங்கடா?” என்று பையனைக் கேட்டால் “மலைக்குப் போயிருச்சு” என்பான். அதே தெருவில், பூசாரியின் மேல் வந்த தெய்வம் இறங்கிவிட்டால் “சாமி மலையேறிருச்சு” என்பார்கள். திண்ணையில் இருக்கும் பெரியவர், பத்துப் பைசாவுக்குத் தேநீர் குடித்த காலத்தைப் பற்றி, “அதெல்லாம் மலையேறிப் போச்சுப்பா” என்பார். மூன்று இடத்திலும் மலைதான். ஆனால் மூன்றும் ஒன்றா? தமிழ் அகராதியைப் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவர், “மலையேறுதல் என்றால் உயரம் செல்லுதல், தெய்வம் நீங்குதல், முடிந்துபோதல், ஆகவே அந்தப் பையனின் தாய் தெய்வத்தன்மை அடைந்து முடிந்துபோனாள்” என்று விளக்கினால் நாம் அவரை என்ன செய்வோம்? இதையேதான் ஒவ்வொரு ஞாயிறும் எபிரெயச் சொற்களுக்குச் செய்கிறோம்.

‘காடு’ என்றால் வனம் என்கிறது அகராதி. எங்கள் பக்கம் காட்டுக்குப் போகிறேன் என்றால் தோட்டத்துக்கு, வயலுக்குப் போகிறேன் என்று பொருள். ‘நாற்றம்’ என்றால் பழைய நூல்களில் நறுமணம். அந்த வேரைப் பிடித்துக்கொண்டு, ஏலக்காய் உலரும் ஸ்டோருக்குள் நுழைந்து “என்ன அருமையான நாற்றம்” என்று சொல்லிப் பாருங்கள். வேர் ஒரு சொல்லின் வரலாறு. அதன் இன்றைய பொருளுக்கு அது சாட்சி சொல்லாது.

பைபிள் ஆய்வுலகில் இது 1961இலேயே தீர்ந்துபோன வழக்கு. ஜேம்ஸ் பார் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் அந்த ஆண்டு ஒரு பெரிய நூல் எழுதி, வேர்ச்சொல்லை வைத்துப் பொருள் கட்டுவதையும், ஒரு சொல்லுக்குப் பல இடங்களில் உள்ள பொருள்களை எல்லாம் மூட்டை கட்டி ஒரே இடத்தில் இறக்குவதையும் வரிக்கு வரி எடுத்துக்காட்டி உடைத்தார். அதற்குப் பின் எந்தப் பொறுப்புள்ள உரையாசிரியரும் அந்த வழியில் போவதற்குத் தயங்குகிறார். நம் மேடைகளுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்திருப்பது ஸ்ட்ராங் எண். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட அந்த அடைவு உண்மையிலேயே ஓர் இமாலய உழைப்பு. எபிரெயப் பகுதியில் மட்டும் 8674 எண்கள். ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று தேடிப் போவதற்காகச் செய்த வழிகாட்டி அது. இவர்கள் வழிகாட்டிப் பலகையையே ஊர் என்று நினைத்து அங்கேயே இறங்கிவிடுகிறார்கள்.

அந்த வழிகாட்டியைச் சரியாகப் பயன்படுத்தினால் ‘ஏசெர்’ என்ன சொல்கிறது? பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ இருபது இடங்களில் வருகிறது. பெரும்பாலும் கடவுள் தரும் உதவியைக் குறிக்கிறது. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஏவாளைப் பற்றியும் இதே சொல்தான். தமிழில் துணை என்கிறோம். கடவுளுக்கே பயன்படும் சொல் என்பதால், பெண்ணைத் துணை என்று சொல்வது அவளைத் தாழ்த்துவது ஆகாது என்று இங்கே நியாயமாக வாதாடலாம். இது படத்திலிருந்து வந்த வாதம் இல்லை. வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்ததிலிருந்து வந்தது. சொல்லப்போனால் இந்தச் சொல்லுக்கு நமக்கு அகராதியே வேண்டாம். தெருவுக்கு ஓர் எபிநேசர் இருக்கிறார். உதவியின் கல் என்று பொருள். எலியேசர் இருக்கிறார், என் தேவன் உதவி. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவின் பெயரிலும் இதே வேர்தான். ‘ஒத்தாசை’ பலவீனமான சொல் என்றவர், ஆபத்தில் ஒத்தாசைக்கு ஆள் இல்லாமல் நின்றவரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இப்போது நான் மிகவும் வருந்தும் இடத்துக்கு வருகிறேன். அந்தச் செய்தியாளர் ‘ஏசெர்’ மீது நாற்பது நிமிடம் செலவழித்தார். ‘பர்வதம்’ என்பதற்கு எபிரெயத்தில் என்ன என்று பத்து நிமிடம். அதே வசனத்தில் உள்ள ஒரு சின்னச் சொல்லைக் கண்டுகொள்ளவே இல்லை. ‘மெஅயின்’. எங்கிருந்து என்று பொருள். அது கேள்விச் சொல். யாக்கோபு கிணற்றடியில் மேய்ப்பர்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கிறானே, அங்கே இந்தச் சொல். புயலில் கப்பல்காரர்கள் யோனாவை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறார்களே, அங்கே இந்தச் சொல். ஞானம் எங்கிருந்து வரும் என்று யோபின் புத்தகம் 28ஆம் அதிகாரத்தில் கேட்கிறதே, அங்கேயும் இதுதான். அங்கெல்லாம் நம் தமிழ் வேதாகமமும் கேள்வியாகவே மொழிபெயர்த்திருக்கிறது. 121ஆம் சங்கீதத்தில் மட்டும், ஒத்தாசை வருகிற பர்வதங்கள் என்று பெயரெச்சமாக மாற்றி, மலைகளுக்கு அடைமொழி ஆக்கிவிட்டது. லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் அப்படித்தான் செய்தது. ஆனால் எபிரெயத்திலிருந்து பழங்காலத்திலேயே கிரேக்கத்துக்கு மாற்றியவர்கள் கேள்விச் சொல்லையே வைத்தார்கள்.

எபிரெயத்தில் அந்த வசனம் இரண்டு மூச்சாக நிற்கிறது. கண்களை மலைகளை நோக்கி உயர்த்துகிறேன். எனக்கு உதவி எங்கிருந்து வரும்? அடுத்த வசனம் பதில்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவரிடமிருந்து. மலையிடமிருந்து என்று சங்கீதக்காரன் சொல்லவே இல்லை. 125ஆம் சங்கீதத்தில் எருசலேமைச் சுற்றி நிற்கும் பர்வதங்கள் பாதுகாப்பின் உருவகமாக வருவது எனக்குத் தெரியும். இங்கேயும் மலையை நம்பிக்கையோடுதான் பார்க்கிறான் என்று சொல்லும் உரையாசிரியர்கள் உண்டு. அவர்கள்கூட அதைக் கேள்வி என்றே ஒப்புக்கொள்கிறார்கள். எரேமியாவோ, மலைகளை நம்புவது வீண் என்று மூன்றாம் அதிகாரத்தில் அடித்துச் சொல்கிறார்.

மலையடிவாரத்து மனிதர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை நினைத்துப் பாருங்கள். மலை எங்களுக்குச் சோறு போடுகிறது. கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் விடுகிறது. ஏல மையத்தில் காயின் விலை ஏறினால் ஊரே நிமிர்கிறது. அதே மலையில்தான் 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் போய்த் திரும்பிய இளம்பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில், மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலையே சரிந்து வந்து, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களை மூடியது, எழுபது உயிர்கள். கண்ணை உயர்த்தி மலையைப் பார்த்து “எனக்கு உதவி எங்கிருந்து வரும்?” என்று கேட்கும் உரிமை இந்த மக்களுக்கு உண்டு. சங்கீதக்காரனே அப்படித்தான் கேட்டிருக்கிறான். மலையிலிருந்து உனக்கு ஆசீர்வாதம் இறங்கும் என்று அட்டை எழுதி, மூன்று எழுத்துக்குப் படம் போட்டு, அவர்கள் கையிலிருந்து அந்தக் கேள்வியைப் பிடுங்கிவிட்டோம்.

இதைக் கண்டுபிடிக்க மறைபொருள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைத் திறந்தால் தமிழிலேயே கேள்வியாக இருக்கிறது. இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடக் கிடைக்கும் உண்மை, ஸ்ட்ராங் எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறவருக்குக் கிடைக்கவில்லை.

பழைய மொழிபெயர்ப்பைக் குறைசொன்னேன் என்று யாரும் மகிழ வேண்டாம். பவர் ஐயர் குழு 1871இல் முடித்த திருத்தத்தின் வழி வந்து இன்றும் நம் கையில் இருக்கும் அந்த வேதாகமம், இதே சங்கீதத்தில் செய்திருப்பதைப் பாருங்கள். எபிரெயத்தில் ‘ஷாமர்’ என்ற வினை இந்த எட்டு வசனங்களில் ஆறு முறை வருகிறது. சங்கீதத்தின் முதுகெலும்பே அதுதான். ஆங்கிலத்தின் புகழ்பெற்ற ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு முதல் மூன்றுக்கு ஒரு சொல்லும் அடுத்த மூன்றுக்கு வேறு சொல்லும் போட்டு அந்தத் தொடரை அறுத்துவிட்டது. தமிழ் ஆறு இடத்திலும் ‘கா’ என்ற ஒரே வினையை விடாமல் பிடித்திருக்கிறது: காக்கிறவர், காக்கிறவர், காக்கிறவர், காப்பார், காப்பார், காப்பார். தமிழில் ஆழம் இல்லை, ஆங்கிலத்துக்குப் போ, அங்கிருந்து எண்ணைப் பிடித்து எபிரெயத்துக்குப் போ என்கிறவர்கள், வீட்டு வாசலில் இருந்ததை விட்டுவிட்டு ஊரைச் சுற்றுகிறார்கள்.

கடைசி வசனத்தைப் பாருங்கள். அங்கே எபிரெயம் வெளியே போவதை முதலில் சொல்லி, உள்ளே வருவதைப் பிறகு சொல்கிறது. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் சிலவற்றில் வருகை முன்னால் வந்துவிடுகிறது. தமிழ் ‘போக்கையும் வரத்தையும்’ என்று எபிரெயத்தின் வரிசையிலேயே நிற்கிறது. நமக்கு அது இயல்பு. நாம் யாரும் வீட்டைவிட்டுப் புறப்படும்போது “போறேன்” என்று சொல்வதில்லை. “போயிட்டு வர்றேன்” என்றுதான் சொல்வோம். இருட்டில் ஜீப்பில் ஏறும் பெண் தூங்கும் பிள்ளையிடம் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த வசனத்துக்கு இதைவிடச் சிறந்த விரிவுரை எந்த அகராதியில் இருக்கிறது?

எபிரெயம் உதவும் இடமும் இந்தச் சங்கீதத்திலேயே இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஏழாம் வசனத்தில் ஆத்துமாவைக் காப்பார் என்று வாசிக்கிறோம். எபிரெயச் சொல் ‘நெஃபெஷ்’. யோனாவைத் தண்ணீர் ‘நெஃபெஷ்’ வரைக்கும் சூழ்ந்தது என்கிறபோது அது கழுத்து. வனாந்தரத்தில் ஜனங்கள் எங்கள் ‘நெஃபெஷ்’ வறண்டுபோயிற்று என்று முறையிடும்போது தொண்டை, அல்லது உயிர். செத்தபின் பிரிந்து போகும் ஒன்றை மட்டும் அது குறிப்பதில்லை. மூச்சும் பசியும் தாகமும் உள்ள முழு ஆளையும் குறிக்கும். அதற்காக ஏழாம் வசனத்தில் தொண்டையைக் காப்பார் என்று போதிக்கக் கூடாது. காலும் வழியும் வெயிலும் போக்குவரத்தும் பேசப்படும் இந்தச் சங்கீதத்தில் அது உயிர். வளைவில் திரும்பும் ஜீப்புக்குள் இருக்கும் உயிர். சுற்றியிருக்கும் வசனங்கள் சொன்னதால் இது தெரிகிறது.

ஏலக்காய் ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சேபாவின் ராணி சாலொமோனுக்குக் கொண்டுபோன சுகந்தவர்க்கத்தில் நம் ஏலக்காயும் இருந்தது, எபிரெயத்தில் பார்த்தால் தெரியும் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எபிரெயத்தில் பார்த்தால் தெரியாது. அங்கே இருப்பது நறுமணப் பொருள் என்ற பொதுச் சொல். யாத்திராகமம் 30இல் அபிஷேகத் தைலத்துக்கான பொருள்கள் பெயர் பெயராக வருகின்றன. அதில் ஏலம் இல்லை. நம் மொழிக்கு உண்மையான தடயம் வேறிடத்தில் இருக்கிறது. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த சரக்கில் ‘துக்கியீம்’ என்று ஒன்று வருகிறது, மயில் என்று மொழிபெயர்க்கிறோம். அது நம் ‘தோகை’ என்று 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் வாதிட்டார். வேறு விளக்கம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒலியை மட்டும் வைத்து அந்த வாதம் நிற்கவில்லை; கடல் வணிகம், கூடவே வரும் தந்தமும் குரங்கும் என்று வாக்கியம் முழுவதும் அதற்குத் துணை நிற்கிறது. சொல்லாய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

“ஜனங்களுக்கு பிரயோஜனமா இருக்கு, விசுவாசம் வளருது, இதுல என்ன அண்ணே நஷ்டம்?” என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல மனதோடு கேட்டார். நஷ்டம் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், மண்ணில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தது, வசனத்தின் பொருள் ஒரு சிலர் கையில் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதற்காக. உன் கையிலிருக்கும் புத்தகத்தில் உண்மை இல்லை, என் அகராதியில் இருக்கிறது என்று சொல்கிற ஒவ்வொரு பிரசங்கமும் அந்தப் பூட்டை மறுபடியும் போடுகிறது. கண், ஆயுதம், தலை என்று எழுதிக்கொண்ட அந்த அக்கா, இனி தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது தன் கண்ணையே நம்ப மாட்டார்கள்.

பிரசங்கிக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எபிரெயத்தில் 22 எழுத்துகள்தான். நம் பிள்ளைகள் 247 எழுத்துகளை முதல் இரண்டு வகுப்பில் கற்றுவிடுகிறார்கள். மதுரை அரசரடியில் 1969இலிருந்து இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே எபிரெயம் படித்த ஆயர்கள் இந்த மாவட்டத்திலேயே ஊழியம் செய்கிறார்கள். அவர்களிடம் போங்கள், எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், இந்த எட்டு வசனங்களை முழுதாக வாசியுங்கள். அதற்குப் பிறகு மேடை ஏறுங்கள். அதுவரை தமிழை வைத்தே பேசுங்கள், அதில் குறைவு எதுவும் வராது.

நோட்டோடு உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் ஒன்று. இனி யாராவது மூல பாஷையில் இதற்கு இன்ன அர்த்தம் என்றால், கூட்டம் முடிந்ததும் மரியாதையாகப் போய்க் கேளுங்கள்: “ஐயா, எந்த வாக்கியத்துல?” பதில் சொல்லத் தெரிந்தவர் என்றால் நோட்டை மறுபடியும் திறந்து எழுதிக்கொள்ளுங்கள்.